பாலூட்டும் தாய்க்கு நம் நடுவில் இடம் உண்டா?

ஞாயிறு திருப்பலி. மறையுரை நடந்துகொண்டிருக்கிறது. பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் ஒரு கைக்குழந்தை அழத் தொடங்குகிறது. தாய் தட்டிக்கொடுக்கிறார், தோள் மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். அழுகை கூடுகிறது. முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் எழுந்து தலையைக் குனிந்தபடி வெளியே போகிறார். கெபிக்குப் பின்னால், செருப்புகள் கிடக்கும் படிக்கட்டில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார். அவர் திரும்பி உள்ளே வரும்போது நற்கருணை வழங்கி முடிந்துவிட்டது.

அன்பு இறைமக்களே, இந்தக் காட்சி நம் பங்குகளில் புதிதல்ல. திரும்பிப் பார்த்த அந்த இருவரில் ஒருவராக நாமும் இருந்திருக்கிறோம். தாய்மையைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறோம். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அன்னையின் சுரூபத்துக்கு மாலை சூட்டுகிறோம். அதே ஆலயத்தில் பசித்த பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு தாய்க்கு நாற்காலி இல்லை.

1992-ஆம் ஆண்டு முதல் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாள்களில் தாய்ப்பாலின் நன்மைகள் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லப்படுகின்றன. அது நல்லதே. ஆனால் அந்தத் தாயைச் சுற்றியிருக்கும் கணவர், மாமியார், அண்டை வீட்டார், முதலாளி, பங்குச் சமூகம் ஆகிய நமக்கும் சொல்லப்பட வேண்டியது உண்டு. அதைப் பற்றியே இங்கு சிந்திக்கிறோம்.

திருநூல் காட்டும் தாய்மார்கள்

திருநூல் பாலூட்டுவதைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசுகிறது. கடவுள் தம் மக்கள்மீது கொண்ட அன்பைச் சொல்ல வரும் இறைவாக்கினர் எசாயா, பால்குடிக்கும் பிள்ளையை மறக்க முடியாத தாயையே உவமையாகக் கொள்கிறார் (எசா 49:15). ஈசாக்கு பால்குடி மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து வைக்கிறார் (தொநூ 21:8). மக்கபேயர் நூலில் வரும் வீரத்தாய், மூன்று ஆண்டுகள் தாம் பாலூட்டி வளர்த்ததைத் தம் கடைசி மகனுக்கு நினைவூட்டுகிறார் (2 மக் 7:27).

இவர்களில் அன்னாவின் கதை நம் கவனத்துக்கு உரியது. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் அழுது மன்றாடிச் சாமுவேலைப் பெற்றவர் அவர். ஆண்டுதோறும் குடும்பத்தோடு சீலோவுக்குப் பயணம் போவது அவர்கள் வழக்கம். பிள்ளை பிறந்த பிறகு, பால்குடி மறக்கும்வரை தாம் வரவில்லை என்கிறார் அன்னா. கணவர் எல்கானா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உனக்கு நல்லதெனப் படுவதைச் செய் என்று விட்டுவிடுகிறார் (1 சாமு 1:21-23). பக்தி குறைந்துவிட்டது என்று எவரும் குறை சொன்னதாகவும் திருநூலில் இல்லை. பாலூட்டும் மனைவிக்குக் கணவர் தரும் துணை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எல்கானா நல்ல எடுத்துக்காட்டு.

மோசேயின் தாயையும் நினைத்துப் பார்ப்போம். ஆற்றிலிருந்து எடுத்த பிள்ளையை வளர்க்கக் கொடுத்தபோது, பாலூட்டுவதற்குக் கூலி தருவதாகப் பார்வோனின் மகள் சொல்கிறாள் (விப 2:9). பாலூட்டுவதும் உழைப்பே, அதற்கு ஊதியம் உண்டு என்பதை அந்த அரசகுமாரி அறிந்திருந்தாள்.

திருச்சபையின் மரபு

உரோமையின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில், மார்போடு குழந்தையை அணைத்த தாயின் பழைமையான ஓவியம் ஒன்று உள்ளது. அன்னை மரியாவைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது. பெத்லகேமில், பிறப்பு ஆலயத்துக்கு அருகே, பால் குகை என்று அழைக்கப்படும் சிற்றாலயத்துக்கு இன்றும் மக்கள் போகிறார்கள். திருக்குடும்பம் அங்கே தங்கியபோது அன்னையின் பால் ஒரு துளி சிந்தியதால் பாறை வெண்மையானது என்பது மரபு. பாலூட்டும் அன்னையின் படங்கள் ஐரோப்பியக் கோவில்களில் பல நூற்றாண்டுகள் தடையின்றி இருந்தன.

1995 மே 12 அன்று, தாய்ப்பால் குறித்து வத்திக்கானில் கூடிய அறிவியலாளர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரையாற்றினார். பாலூட்டுவதால் பிள்ளைக்கும் தாய்க்கும் கிடைக்கும் நலன்களை எடுத்துக்கூறிய அவர், தாய்மார்களுக்கு நேரமும் தகவலும் துணையும் தேவை என்பதை வலியுறுத்தினார். பல சமூகங்களில் பெண்கள்மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்பட்டிருப்பதால் பாலூட்ட நேரம் கிடைப்பதில்லை என்றும் சுட்டிக்காட்டினார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 டிசம்பரில் வெளியான ஒரு நேர்காணலில் தாம் கண்ட நிகழ்ச்சியைச் சொன்னார். புதன் மறைக்கல்வி உரைக்கு வந்திருந்த ஓர் இளம் தாயின் கையில் குழந்தை பசியால் கதறிக்கொண்டிருந்தது. திருத்தந்தை வரும் நேரத்தில் பாலூட்ட அந்தத் தாய்க்குக் கூச்சம். பிள்ளைக்குப் பால் கொடுங்கள் என்று அவரே சொன்னார். 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோதும், பின்வந்த ஆண்டுகளிலும், பிள்ளைகள் பசித்து அழுதால் அங்கேயே தயங்காமல் பாலூட்டலாம் என்று தாய்மார்களிடம் கூறினார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் இடம் கிடைத்த தாய்க்கு நம் பங்கு ஆலயத்தில் இடம் கிடைக்க வேண்டாமா?

ஏழு தாய்மார்கள் தொடங்கிய பணி

தாய்க்குத் துணை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம்.

1950-களில் அங்கே புட்டிப்பாலே அறிவியல் முறை என்று எண்ணப்பட்டது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் மிகவும் குறைந்துபோனார்கள். 1956-ஆம் ஆண்டு கோடையில் இல்லினாய் மாநிலத்தில் கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தார் ஓர் ஒன்றுகூடலுக்கு வந்திருந்தனர். அங்கே மேரி ஒயிட், மரியன் தாம்சன் என்ற இரு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக அருகில் வந்து, எங்களுக்கும் ஆசைதான், ஆனால் முடியவில்லை என்றார்கள். இவர்களுக்குக் குறை உடம்பில் இல்லை, சொல்லிக்கொடுக்கவும் தைரியம் சொல்லவும் ஆள் இல்லை என்பதை இருவரும் உணர்ந்தார்கள்.

மேலும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, பிராங்க்ளின் பார்க் என்ற ஊரில் மேரி ஒயிட்டின் வீட்டில் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். எழுவரும் கத்தோலிக்கர்கள். பால் கொடுக்கும் தாய், பால் கொடுக்கப்போகும் தாய்க்குச் சொல்லித் தருவதுதான் அவர்களுடைய முறை. பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. பாலூட்டுவது என்ற சொல்லைச் செய்தித்தாளில் அச்சிடவே அன்று தயங்கினார்கள். ஆகவே புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், பாலுக்கும் சுகப்பிரசவத்துக்கும் அன்னை என்று ஸ்பானிய மொழியில் வணங்கப்படும் மரியாவின் திருத்தலத்திலிருந்து பெயரை எடுத்து, 'லா லெச்சே லீக்' என்று வைத்தார்கள். லா லெச்சே என்றால் பால். அந்த அமைப்பு இன்று பல நாடுகளில் பணி செய்கிறது. அதன் தொடக்கம் ஒரு வீட்டின் வரவேற்பறையும் சில நாற்காலிகளும்தான்.

கூச்சமும் கவலையும் பாலைத் தடுக்கும்

அந்த எழுவர் அனுபவத்தில் கண்டதை உடலியலும் உறுதிசெய்கிறது. குழந்தை மார்பில் சப்பும்போது தாயின் உடலில் இரண்டு சுரப்புகள் வேலை செய்கின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. இரவில் அது அதிகம் சுரக்கும். ஆக்சிடோசின் உண்டான பாலை வெளியே இறக்கிவிடுகிறது. பயம், வலி, வெட்கம், மனச்சோர்வு ஆகியவை ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கும். மார்பில் பால் இருந்தும் இறங்காது, பிள்ளை அழும், தாய் இன்னும் கலங்குவார். ஆகவே நம் பார்வையும் பேச்சும் அந்தத் தாயின் பாலைத் தொடுகின்றன. "உனக்குப் பால் பத்தலை" என்று நாலு பேர் சொன்னால் சில நாளில் அது உண்மையாகவே ஆகிவிடும்.

பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பவுடர் பால் இடையில் புகுந்தால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும்; குறைந்தால் சுரப்பதும் குறையும். பச்சிளங்குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்பது இயல்பு. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு சிறு தேக்கரண்டி அளவே அதன் வயிற்றுக்குப் போதும். முதல் வாரம் முடியும்போது நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று அறியலாம். அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

நம் வீடுகளில் நடப்பது

நம் ஊரில் பச்சை உடம்புக்காரியைப் பேணுவதில் நல்ல வழக்கங்கள் உண்டு. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதும், பூண்டு சேர்த்துச் சமைத்துக் கொடுப்பதும், கடற்கரை ஊர்களில் பால்சுறாப் புட்டு செய்து தருவதும் அந்தத் தாய்க்கு ஓய்வும் உணவும் தந்தன. இவற்றை நாம் இழந்துவிடக் கூடாது.

விட்டுவிட வேண்டிய வழக்கங்களும் உண்டு. பிறந்த பிள்ளையின் நாவில் சேனை வைப்பது, சீனித்தண்ணீர் கொடுப்பது, கழுதைப்பால் புகட்டுவது ஆகியவை இன்றும் சில வீடுகளில் நடக்கின்றன. மஞ்சள் நிறமாக முதலில் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிவிடுவதும் உண்டு. அந்தச் சீம்பாலே நோயை எதிர்க்கும் சக்தியைப் பிள்ளைக்கு முதலில் கொடுக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். ஆறு மாதம்வரை தண்ணீர்கூட இன்றித் தாய்ப்பால் மட்டுமே. பிறகு மற்ற உணவோடு இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேலும் தரலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

2019-21 காலத்தில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 விழுக்காடுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 63.7 விழுக்காடு. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அங்கே தாயின் அருகில் உட்கார்ந்து, பிள்ளையை மார்பில் பொருத்திக் காட்டும் கைதான் குறைவாக இருக்கிறது.

பொது இடத்துப் பார்வை இன்னொரு சுமை. 2018-இல் மலையாள இதழ் ஒன்று பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் வெளியிட்டபோது வழக்கே தொடுத்தார்கள். அதில் ஆபாசம் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நம் பாட்டிமார்கள் வயல் வரப்பிலும் சந்தையிலும் முந்தானையால் மூடிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். அவர்களை எவரும் குறை சொல்லவில்லை. இன்று பேருந்தில் ஒரு பெண் பால் கொடுத்தால் செல்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் அந்தத் தாயல்ல.

சட்டம் தருவதும் எட்டாததும்

பவுடர் பால், பால்புட்டி விளம்பரங்களையும் இலவச மாதிரிகளையும் 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தடைசெய்தது. ஊதியத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு இது பொருந்தும். வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பக வசதியும் வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம்.

தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடங்களில் இத்தகைய அறைகள் அமைய வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் அறிவுறுத்தியது. பாலூட்டும் தாயை இழிவாகப் பார்க்கக் கூடாது என்பதையும் நினைவூட்டியது. அறை இருந்தும் பூட்டிக் கிடந்தால், அல்லது துடைப்பமும் வாளியும் அடுக்கியிருந்தால், அது தாய்க்குப் பயன்படாது. அதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

சட்டம் எட்டாத தாய்மார்களே நம் பங்குகளில் அதிகம். மீன்கூடை சுமப்பவர், உப்பளத்தில் வேலை செய்பவர், செங்கல் சூளைக்குப் போகிறவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்கு விடுப்பு என்றால் கூலி இல்லாத நாள். பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்று இவர்களிடம் சொல்லிவிட்டு நாம் போய்விட முடியாது. நம் கல்வி, மருத்துவ நிறுவனங்களில் தற்காலிகமாகப் பணிபுரியும் ஆசிரியைகளுக்கும் செவிலியருக்கும் இந்த விடுப்பு கிடைக்கிறதா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பால் கொடுக்க இயலாத தாய்மார்கள்

தாய்ப்பாலின் பெருமையைப் பேசும்போது சிலர் மனம் புண்படுகிறது. நோய், மருந்து, குறைமாதப் பிரசவம் போன்ற காரணங்களால் பால் கொடுக்க இயலாதவர்கள் உண்டு. தத்தெடுத்து வளர்ப்பவர்கள் உண்டு. முயன்று முயன்று முடியாமல் போனவர்களும் உண்டு. அவர்கள் குறைந்த தாய்மார்கள் அல்லர். ஏன் கொடுக்கவில்லை என்று விசாரிப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

வேளாங்கண்ணி மரபை எண்ணிப் பார்ப்போம். பால் எடுத்துப்போன சிறுவனிடம், கையில் குழந்தையோடு நின்ற அன்னை கேட்டது என்ன? பிள்ளைக்குக் கொஞ்சம் பால். காரணம் கேட்காமல் அவன் கொடுத்தான். அவன் பானை குறையவில்லை. பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று கேட்கும் தாயிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை அச்சிறுவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

இன்று அந்தப் பகிர்வுக்கு மருத்துவ வழியும் இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். பால் மிகுதியாக உள்ள தாய்மார்களிடம், நோய்ப் பரிசோதனைக்குப் பிறகு, பால் பெறப்படுகிறது. அதை 62.5 டிகிரி செல்சியசில் அரை மணி நேரம் சூடாக்கி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். தமிழக அரசு மருத்துவமனைகளிலும் இவ்வங்கிகள் செயல்படுகின்றன. இரத்ததானம் பற்றி அறிவிப்பு செய்யும் நாம் இதைப் பற்றியும் சொல்லலாம்.

நம் பங்கில் செய்யக்கூடியவை

• ஆலயத்துக்குள்ளேயே, பீடம் தெரியும் இடத்தில், மின்விசிறியும் குடிநீரும் உள்ள ஒரு மூலையில் கைப்பிடி வைத்த சில நாற்காலிகள் போடலாம். மறைவை விரும்பும் தாய்க்கு ஒரு திரை இருக்கட்டும்.

• குழந்தை அழுதால் வெளியே போக வேண்டியதில்லை என்று பங்குத்தந்தை ஒரு முறை அறிவித்தால், திரும்பிப் பார்க்கும் தலைகள் குறையும்.

• திருமணத் தயாரிப்பு வகுப்பில் மணமகனுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். இரவில் பிள்ளையைத் தூக்கித் தருவதும், தாய்க்குத் தண்ணீர் எடுத்து வைப்பதும், துணி துவைப்பதும் கணவரின் பங்கு.

• அன்பியக் குடும்பங்கள் முறைவைத்து, பிள்ளைபெற்ற வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோகலாம். பிள்ளையைப் பார்க்கப் போகும்போது அறிவுரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம்.

• பாலூட்டி அனுபவம் உள்ள தாய்மார்களும் நம் பங்கில் உள்ள செவிலியரும் சேர்ந்து, புதிய தாய்க்கு முதல் இரண்டு வாரம் துணை நிற்கலாம். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை சோர்ந்து போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவசியம்.

• ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோருக்காகப் பந்தல் போடும் ஊர்கள், ஒரு பக்கத்தைக் கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கென்று ஒதுக்கலாம்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை. அடுத்த ஞாயிறு நம் அருகில் ஒரு பிள்ளை பசித்து அழும். தாய் எழுந்திருக்கப் பார்ப்பார். அப்போது நாம் சற்று நகர்ந்து உட்கார்ந்து, "இங்கேயே கொடும்மா, ஒண்ணுமில்லை" என்று மெதுவாகச் சொன்னால் போதும். அவர் அந்தத் திருப்பலியில் முழுமையாகப் பங்குபெறுவார். அவரோடு நாமும் பங்குபெறுவோம்.